தொம்மலூர் பெஞ்சில் பன்னிரண்டு காலைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் உங்களில் ஒருவர்கூட என்னைவிட நல்ல படம் எடுக்கப் போவதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எங்கள் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வெளிச்சமே வராத ஆழத்தில் வேலை பார்த்தார். மகன் வெளிச்சத்தைப் பிடித்தே வீடு கட்டினான், அதுவும் மர்பி டவுனில், மாடியோடு. கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா, கட்சிக் கூட்டம் என்று இந்த ஊரில் நான் எடுக்காத முகம் ஏதாவது மிச்சமிருந்தால் அது நேற்றுப் பிறந்த குழந்தையாக இருக்க வேண்டும்.

படம் எடுத்துக்கொண்டே தெருவில் நடக்கும் உங்கள் நடைக்குழுவில் பேச வரும் பெரிய படிப்பாளிகள் தெருவில் படம் எடுப்பது தன்னைத் தானே பார்த்துக்கொள்வது என்கிறார்கள். முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் பார்க்கக் கண்ணாடி போதுமே, லென்ஸுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டேன். இப்போது அப்படிக் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எந்த லென்ஸ், எந்த ஷட்டர் என்றெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்லித்தர உங்கள் போனிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஒரு பழைய தவறிலிருந்து தொடங்குகிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சிவாஜிநகரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. அங்கே நெகட்டிவுக்கு டச்சப் செய்ய ஒரு அக்கா இருந்தார். பென்சிலை ஊசி மாதிரி சீவி வைத்துக்கொண்டு, பருவையும் சுருக்கத்தையும் இருந்த இடம் தெரியாமல் மறைப்பார். நாள் முழுக்கப் பேசினால் பத்து வார்த்தை பேசுவார். ஒருநாள் அவர் லீவு. துபாய்க்குப் போகவிருந்த லாரி டிரைவர் ஒருவரின் பாஸ்போர்ட் படம் மேஜையில் இருந்தது. புருவத்துக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே! பென்சிலை எடுத்தேன், அரை மணி நேரம் உழைத்தேன், தழும்பு போயே போச்சு. ஆள் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

நாலு நாள் கழித்து அந்த டிரைவர் கடைக்குள் வந்து கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர்கூட எழுந்து வந்துவிட்டார். விண்ணப்பத்தில் அடையாளம் என்ற இடத்தில் அவர் எழுதிக் கொடுத்திருந்ததே அந்தத் தழும்பைத்தான். படத்தில் தழும்பு இல்லை, நீ வேறு ஆள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வேலை சுத்தமாத்தான் கீது. அந்த ஆளு உன்கிட்ட எடுக்கச் சொன்னாரா?"

"இல்லக்கா."

"அப்புறம்? அவரு மூஞ்சி, அவரு தழும்பு. கேக்காம நீ யாரு?"

அன்றைக்கு அவர் பேசிய வார்த்தைகள் அவ்வளவுதான். எனக்கு ரோஷம் தாங்கவில்லை. 'வேலை சுத்தம்' என்று சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நாற்பத்தெட்டு வருடம் அது அங்கேயே கிடந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் சொந்த ஸ்டூடியோவை மூடியது ஊருக்கெல்லாம் தெரியும். நான் ரிட்டயர் ஆனது தெரியாத ஒரே ஆள் என் வீட்டுக்காரி மல்லிகா. நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். ஐம்பது வருடம் 'எனக்காக ஆள் காத்திருக்கிறார்கள்' என்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டவன், ஒருநாள் 'எனக்காக யாரும் காத்திருக்கவில்லை' என்று எப்படிச் சொல்வான்? மேல்மாடி வாடகையில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வாய்தான் வரவில்லை. "ஒயிட்ஃபீல்டுல ஒரு கம்பெனி ஆர்டர். தினம் போகணும். மாஸ்டர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க" என்று சொன்னேன். காலை ஒன்பதரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. ஒயிட்ஃபீல்டு பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அல்சூர், தொம்மலூர் என்று நடப்பேன், கண்ணில் பட்டதை எடுப்பேன்.

அப்படித்தான் தேன்மொழியின் நடைக்குழுவில் சேர்ந்தேன். ஈரோட்டுப் பெண். தொம்மலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாய் நிறைய 'அங்கிள்' என்பாள். மாஸ்டர் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க அங்கிள்" என்றாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. முதல் நாள் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, எதற்காகப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பாதிப் பேர் "சும்மாதான்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் வாழ்க்கையில சும்மா எதையும் செஞ்சதில்ல. சும்மாங்கிறவன் வீட்லயே உக்காரலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதை இங்கே எழுதி வைப்பது நல்லது. பின்னால் தேவைப்படும்.

தொம்மலூரில் ஊரின் பழைய பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா. அதில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டிடம். காலை சரியாகப் பத்து இருபதுக்கு, கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி வந்து அந்த ஒரு பெஞ்சின் மேல் மட்டும் விழும். பத்தே நிமிடம், அப்புறம் போய்விடும். சுற்றிலும் மரநிழல், நடுவில் பெஞ்ச் மட்டும் மேடை விளக்குப் போட்ட மாதிரி! அந்த வழியாகத் தினம் ஆயிரம் பேர் போகிறார்கள். அதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான்.

முதல் நாள் வெளிச்சம் பார்க்க வெறும் பெஞ்சை ஒன்று எடுத்தேன். என் நிழலே உள்ளே விழுந்து கெட்டுப்போனது. நகர்ந்து நின்றேன். அப்போது ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட, நீலக் கோடு போட்ட சட்டை, லேப்டாப் பை, டிபன் பாக்ஸ். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். எடுத்தேன்.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும். சட்டை மாறியது, பெஞ்ச் மாறவில்லை. ஒருநாள் பேப்பர் படித்தார், ஒருநாள் தெருநாயைப் பார்த்துச் சிரித்தார், ஒருநாள் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு தரையையே பார்த்தார். ஆபீஸ் போகாமல் ஏன் இங்கே என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு வேலை நாள், பன்னிரண்டு படம், ஒரே பெஞ்ச், ஒரே வெளிச்சம். உங்கள் பாஷையில் சீரீஸ். இன்னொன்றும் சொல்கிறேன்: அந்தப் பன்னிரண்டு நாளும் நான் எடுப்பது அவருக்குத் தெரியாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் நான் நின்றால் விளக்குக் கம்பம் நிற்கிற மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.

தேன்மொழி பார்த்ததும் குதித்தாள். குழுவின் கண்காட்சிக்குக் காக்ஸ் டவுனில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஹாலைப் பிடித்திருந்தாள். நடுச் சுவர் முழுக்க என் பன்னிரண்டு படம். போஸ்டரிலும் என் படம், தூரத்தில் பெஞ்சும் ஆளும். "கீழே எதாவது எழுதோணுமுங்களா அங்கிள்?" என்று கேட்டாள். எழுதாமலா! கிழமை, நேரம், இடம் எல்லாம் போட்டுச் சீட்டு அடிக்கச் சொன்னேன். 'திங்கள், காலை 10.20, தொம்மலூர்' என்று ஒவ்வொன்றின் கீழும். ஒரு நாள்கூடத் தவறாமல் நின்றவன் இந்த மனுஷன் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே. மல்லிகாவையும் திறப்பு விழாவுக்கு வரச் சொல்லியிருந்தேன். அந்தச் சீட்டுகளை அவளும் படிப்பாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பெருமை வந்துவிட்டால் எனக்கு வேறெதுவும் ஏறாது.

திறப்பு விழா சனிக்கிழமை பதினொன்றுக்கு. ஒன்பதரைக்கு நான் படங்களை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். திரும்பினேன். பெஞ்ச் ஆள்! டி-ஷர்ட்டில் வந்ததால் ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். முதல் படத்திலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும், கீழே இருந்த ஒவ்வொரு சீட்டையும் வாய்க்குள் படித்தபடியே நடந்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

"சார், என் பேரு செல்வின். இதை எடுத்துடுங்க சார். ப்ளீஸ்."

"எடுக்கறதா? ஐம்பது வருஷத்துல மாட்டின படத்தை நான் இறக்கினதே இல்ல."

"எனக்கு வேலை போயி நாலு மாசம் ஆச்சு சார். வீட்ல சொல்லல. தினம் டிபன் கட்டிக்கினு ஆபீஸ் போறேன்னு கிளம்பறேன்." குரல் இறங்கியது. "என் ஒய்ஃபு ஜெசிந்தா இங்க பக்கத்து ஸ்கூல்ல டீச்சர். இன்னிக்கு பதினொன்றரைக்கு அவ கிளாஸ் பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கினு இங்கதான் வரா. உங்க போஸ்டரை அவதான் என்கிட்ட காட்டினா. 'இந்த ஆளு சட்டை உன் சட்டை மாதிரியே இல்ல?'ன்னு கேட்டா சார். சிரிச்சுக்கினே கேட்டா."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல்தான் வந்தது. நல்ல வெளிச்சத்தைக் கெடுக்க ஆள் வந்தால் வருமே, அந்த எரிச்சல்.

"ஒரு நாள் பார்க்ல உக்காந்தா குத்தமா? ஏதோ பிரேக்னு சொல்லிக்கோங்க."

"ஒரு படம்னா சொல்லிடலாம் சார். பன்னெண்டு இருக்கே. கிழமை, டைம் எல்லாம் போட்டு!"

அப்போதுதான் அந்தச் சுவரைப் பார்த்தேன். மாட்டியதிலிருந்து நானே பார்த்துப் பார்த்து ரசித்த சுவரை, முதன்முதலாக. ஒரு படம் மாட்டியிருந்தால் அது ஒரு மனிதன் வெயில் காய்கிற படம். பன்னிரண்டை வரிசையாக மாட்டி நேரமும் எழுதியதால் அது சாட்சிக் கூண்டு. நம் தொழிலில் மட்டும் நடக்கிற தவறு இது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சரியா என்று பார்ப்போம். பக்கத்துப் படத்தோடு சேர்ந்து அது என்ன பேசுகிறது என்று கேட்க மாட்டோம்.

ஆனாலும் வீம்பு விடவில்லை. "நான் எடுத்தது உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே தடுத்திருப்பீங்க. இப்ப வந்து..."

"முதல் நாளே பார்த்தேன் சார்."

"என்ன?"

"அந்த மரத்துக்குப் பக்கத்துல நின்னீங்க. தினம் அதே டைமுக்குப் பையை மாட்டிக்கினு வருவீங்க. அப்புறம் எங்க போறதுன்னு தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நிப்பீங்க." தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. நீங்களும் என்னை மாதிரிதான்னு நினைச்சேன். பெரியவரு, பாவம், வீட்ல சொல்லாம வரார், இருக்கட்டும், நாம தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டேன். உங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் தெம்பாக்கூட இருக்கும் சார்."

விளக்குக் கம்பத்துக்கு வேர்த்துவிட்டது.

நண்பர்களே, ஐம்பது வருடத்தில் என்னை யாரும் அப்படிப் படம் எடுத்ததில்லை. கேமரா இல்லாமல், ஒரே தடவையில், ஃபோகஸ் பிசகாமல் எடுத்துவிட்டார். திரும்பிச் சுவரைப் பார்த்தால் பன்னிரண்டு சீட்டும் இப்போது என் பெயரைச் சொல்லின. திங்கள் காலை பத்து இருபதுக்குத் தொம்மலூரில் இருந்தது அவர் மட்டுமா? ஒயிட்ஃபீல்டு ஆர்டர் எங்கே போயிற்று? சிவாஜிநகர் அக்கா எங்கிருந்தோ நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: அந்த ஆளு உன்கிட்ட எடுக்கச் சொன்னாரா?

"உங்க வீட்ல எப்ப சொல்லப் போறீங்க?" என்றேன்.

"இன்னிக்கே சொல்றேன் சார். சாயங்காலம். நானே சொல்லணும் சார். சுவத்தைப் பார்த்து அவ தெரிஞ்சிக்கக் கூடாது. அதுவும் பிள்ளைங்க முன்னாடி."

மணி பத்து. ஆணியிலிருந்து முதல் படத்தை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தேன்மொழி பூக்கூடையோடு உள்ளே வந்தாள். கூடையை அப்படியே கீழே வைத்தாள்.

"அங்கிள்! என்னங்க பண்றீங்க?"

"இறக்கறேன்."

"சீஃப் கெஸ்ட் பதினொரு மணிக்கு வர்றாருங்க! போஸ்டரே இந்தப் படந்தானுங்க! நடுச் சுவர் மொட்டையா நின்னா என்னைய என்ன சொல்லுவாங்க? ரெண்டு மாசமா லீவு போட்டுப் போட்டு அலைஞ்சு புடிச்ச ஹாலுங்க இது!"

அவள் சொன்னது நியாயம். அவளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் காரணம் என்னுடையது இல்லை, செல்வினுடையது. அவரோ மூலையில் நாற்காலி அடுக்குவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவள் பார்த்தால் படத்தில் இருப்பவர் என்று கண்டுபிடித்துவிடுவாள். என்ன சொல்வது? யோசிக்க நேரமில்லை. என்னிடம் எப்போதும் கையிருப்பில் இருப்பது ஒன்றுதான். அதை எடுத்தேன்.

"பிரிண்டைப் பார்த்தியா? கலர் தப்பி சிவப்பு அடிக்குது! இதை மாட்டினா நாளைக்கு ஊர்ல என் பேரு என்னாகும்? யாரு படம்னு நினைச்ச? உன் போன்ல எடுக்கற பூப்படமா? நான் மாட்ட மாட்டேன். எவன் வந்தாலும் சரி!"

அப்படியே நம்பினாள்! ஒரு கேள்வி இல்லை. அங்கிளின் திமிர் குழுவில் அவ்வளவு பிரசித்தம். "இப்படி ஒரு தலைக்கனத்தை நான் எங்கியும் பார்த்ததில்லீங்க அங்கிள்" என்று கண்ணில் தண்ணீரோடு திட்டிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் விட்டுப்போன பூக்கூடையை எடுத்து ஓரமாக வைத்தேன். ஆனாலும் கேளுங்கள். வாழ்க்கை முழுக்க நான் தூக்கிச் சுமந்த தலைக்கனம் அன்றுதான் முதல் தடவையாக இன்னொருவருக்குக் குடையாகப் பயன்பட்டது.

செல்வினும் நானும் சேர்ந்து பன்னிரண்டையும் இறக்கி, துணி சுற்றி, மேடைக்குப் பின்னால் வைத்தோம். இருபது நிமிடம் மிச்சம். பெரிய வெள்ளைச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள். பையைக் குடைந்தேன். லேபில் காகித நிறம் பார்க்க முதலில் போட்டுக் கொடுத்த சின்னப் பிரிண்ட் ஒன்று கையில் சிக்கியது. உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு. முதல் நாள் கெட்டுப்போன படம். வெறும் பெஞ்ச், அதன் மேல் வெளிச்சம், வெளிச்சத்துக்குள் ஒரு நிழல். தோளில் பை. பையின் வார் அறுந்தபோது மல்லிகா பழைய சேலைத் துண்டு வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அந்த முடிச்சின் இரண்டு முனையும் முயல் காது மாதிரி நிழலில்கூடத் துருத்திக்கொண்டு நின்றன.

அதை நடு ஆணியில் மாட்டினேன்.

சீட்டு? சீட்டு இல்லாமலும் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'திங்கள், காலை 10.20, தொம்மலூர்' கையில் இருந்தது. இரண்டு தடவை ஜேபியில் போட்டு இரண்டு தடவை வெளியே எடுத்தேன். பிறகு ஒட்டினேன்.

சீஃப் கெஸ்ட் ஒரு கன்னடக்காரர், கேமராக் கடை முதலாளி. அந்தப் பெரிய வெற்றுச் சுவரையும் அதில் பொட்டு மாதிரி இருந்த படத்தையும் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றார். "தும்பா சென்னாகிதே சார்! எஷ்டு ஜாகா பிட்டிதீரா!" என்றார். ரொம்ப நல்லாயிருக்கு, எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டு! நானும் வேண்டுமென்றே விட்டது போலத் தலையாட்டினேன். தேன்மொழி என்னை முறைத்த முறைப்பில் அப்போதுதான் கொஞ்சம் சூடு குறைந்தது.

பதினொன்றரைக்குப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து உள்ளே வந்தார்கள். பின்னால் ஜெசிந்தா டீச்சர். வாசலில் நின்றிருந்த செல்வினைப் பார்த்து, "நீ இங்க என்ன பண்ற? வீட்ல துணி காயப்போடச் சொன்னேனே" என்றார். "நீ வரேன்னு வந்தேன்" என்றார் செல்வின். டீச்சர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நடுச்சுவருக்கு வந்தார்கள்.

ஒரு வாண்டு கேட்டது: "மிஸ், இதுல ஆளே இல்ல!"

"இருக்காங்க பாரு. நிழல் தெரியல? யாரோ பையை மாட்டிக்கினு நிக்கிறாங்க."

"உக்கார வந்தாங்களா மிஸ்?"

"தெரியலையே. உக்காரலாமா வேணாமான்னு யோசிக்கிறாங்க போல" என்றார் டீச்சர். பக்கத்தில் செல்வின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதியிருந்த பாராட்டெல்லாம் எனக்கு மறந்துபோனது. அந்த டீச்சர் சொன்னது மறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மல்லிகா ஆட்டோவில் வந்து இறங்கினாள், பட்டுப்புடவையில். சுவரெல்லாம் தேடிவிட்டு, "உங்க படம் எங்க?" என்றாள். காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள். மறுபடியும் நிழலைப் பார்த்தாள்.

"இது நான் போட்ட முடிச்சு."

"ஆமா."

"இதுதான் ஒயிட்ஃபீல்டு ஆர்டரா?"

ஐம்பது வருடம் வாயால் பிழைத்தவன் நான். இப்போது வாயை விட்டுவிட்டு, ஒட்டியிருந்த சீட்டையே மறுபடி விரலால் அழுத்தினேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஃபிளாஷ் பேட்டரி எத்தனை மாசமா சார்ஜுல போடாம அலமாரியில கெடக்குது? ஃபிளாஷ் இல்லாம எந்தக் கம்பெனியில ஆர்டர் எடுக்கிறாங்க? முப்பத்தெட்டு வருஷமா போட்டோகிராஃபர் பொண்டாட்டிங்க நான்."

"தெரிஞ்சும் தினம் டிபன் கட்டினியே?"

"போற எடத்துல பசிக்காதா?" என்றாள். "பொய்யா சொல்லிக்கினு போனாலும் வயிறு நெசந்தானே."

அவ்வளவுதான். சண்டை இல்லை. ஹால் வாசலில் கொடுத்த டீயில் சர்க்கரை அதிகம் என்று குறைபட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

செல்வின் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை என்று கேள்விப்பட்டேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இருவரும் மர்பி டவுனுக்கு என்னைத் தேடி வந்தார்கள். "அந்தப் பன்னெண்டையும் நான் பார்க்கணும்" என்றார் ஜெசிந்தா டீச்சர். செல்வினைப் பார்த்தேன். தலையசைத்தார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், கவனியுங்கள்.

கட்டில் மேல் வரிசையாகப் பரப்பினேன். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது படத்தில் நின்றார். செல்வின் தலையைத் தாங்கிக்கொண்டு தரையைப் பார்க்கும் படம். பக்கத்தில் டிபன் பாக்ஸ்.

"செவ்வாக்கிழமை. உன் பர்த்டேக்கு மறுநாள். மிச்சமிருந்த பிரியாணி கட்டினேன். எப்படி இருந்துச்சுன்னு கேட்டதுக்கு ஆபீஸ்ல எல்லாரும் பிடுங்கிச் சாப்பிட்டாங்கன்னு சொன்ன."

"ஒரு வாய்கூட வைக்கல ஜெசி. நாய்க்குப் போட்டேன்."

"அது சரி, அதான் அடுத்த படத்துல நாய் உன்னைப் பார்த்து அப்படி வாலாட்டுது" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழாவதை மட்டும் தனியே எடுத்து வைத்து, "இதை நான் கொண்டுபோறேன்" என்றார். சமையலறையிலிருந்து மல்லிகா, "பார்த்தது போதும், எல்லாரும் சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்தாள். மிச்சம் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. தேன்மொழி பார்க்கும்போதெல்லாம் "சிவப்பு சரி பண்ணியாச்சுங்களா அங்கிள்?" என்று கேட்கிறாள். அவற்றைச் சுவரில் மாட்டும் எண்ணம் எனக்கு இல்லை. அவளிடம் இந்தக் கதையைச் சொல்ல செல்வினிடம் அனுமதி வாங்க ஒரு வருடம் ஆகிவிட்டது. அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். எழுதுங்கள் சார், பேரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றிவிட்டேன்.

அதனால் தேன்மொழி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். பிரிண்டில் சிவப்பு அடிக்கவில்லை. நான் பார்த்து வாங்கிய பிரிண்டில் சிவப்பு அடிக்குமா?

உங்களுக்குப் பாடம் என்று நான் எதையும் எண்ணிக் கொடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை எடுத்த படங்களையெல்லாம் தரையில் பரப்பி, அதில் இருப்பவர்களை விட்டுவிட்டு, அந்தக் கிழமையில் அந்த நேரத்தில் நான் அங்கே ஏன் நின்றேன் என்று உங்களையே கேளுங்கள். உங்கள் படிப்பாளிகள் சொன்னது அதுதான் போல. எளிமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கும்.

நான் இன்னும் தொம்மலூருக்குப் போகிறேன். பத்து இருபதுக்கு வெளிச்சம் தவறாமல் வருகிறது. இப்போது மரத்தடியில் நிற்பதில்லை, பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். காலையில் பையை மாட்டும்போது மல்லிகா டிபனை நீட்டியபடி, "எங்க போறீங்க?" என்பாள், தெரிந்துகொண்டே.

"சும்மா" என்பேன்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பழக எனக்கு அறுபத்தெட்டு வயது ஆயிற்று. ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், என்னைப் போல அதை நன்றாகச் சொல்பவன் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.